பாறையிடுக்கில் இருப்பது புது இனமா? ஒரு பல்லிக்குப் பெயர் வைக்கும் வரை: முழுமையான வழிகாட்டி

மலையேறப் போன இடத்தில் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிப் பல்லியைப் படம் பிடித்து, "இது புது இனமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல கேள்விதான். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய நெமாஸ்பிஸ் யெர்காடென்சிஸ் என்ற பல்லி 2000இல் விவரிக்கப்பட்டது. அதே சேர்வராயன் மலையிலிருந்து 2019இல் இன்னும் இரண்டு இனங்கள் வந்தன. அதே ஆண்டு சங்ககிரியிலிருந்து ஒன்று. 2022இல் சேர்வராயனைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து ஒரே கட்டுரையில் ஐந்து. 2024இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்திலிருந்து இரண்டு. காப்பிச் செடியும் சுற்றுலாக் கூட்டமும் நிறைந்த ஒரு மலையிலேயே இப்படி என்றால், யாரும் பாறையைப் புரட்டிப் பார்க்காத குன்றுகள் எத்தனை!

படம் அனுப்புபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எதோடு ஒப்பிட்டுப் புதுசு? இந்த வேலை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். பல்லியைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். ஏற்கெனவே பெயர் உள்ள எதுவும் அதுவல்ல என்று காட்டச் சில ஆண்டுகள் ஆகும். நெமாஸ்பிஸ் என்ற பகல் பல்லிகளையே உதாரணமாக வைத்து, அந்த ஆண்டுகளில் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். மற்ற பல்லிகளுக்கும் அரணைகளுக்கும் ஓணான்களுக்கும் பாதை ஏறத்தாழ இதேதான்.

படி 1: பேரினத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு பழைய பெயர்களைத் தேடுங்கள்

வீட்டுச் சுவரில் திரியும் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கீறலாகச் சுருங்கும். விரல்களின் அடியில் ஒட்டிக்கொள்ள அகன்ற பட்டைகள் இருக்கும். நெமாஸ்பிஸுக்குக் கண்மணி வட்டம். விரல்கள் மெலிந்து, நகத்தோடு வளைந்திருக்கும், பட்டை கிடையாது. இந்த இரண்டையும் கவனித்தாலே நம் ஊரில் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, அந்தப் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில்) இதுவரை வைக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும் திரட்டவேண்டும். செல்லுபடியாகும் பெயர்கள் மட்டும் போதாது. இன்னொன்றோடு சேர்க்கப்பட்டுக் கைவிடப்பட்ட பெயர்களும் வேண்டும். விலங்குப் பெயரிடலில் முன்னுரிமை விதி கடுமையானது. நீங்கள் "புதிது" என்று நினைக்கும் பல்லிக்கு 1870இலேயே யாராவது பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயர்தான் நிற்கும். அதைப் பின்னால் வந்தவர்கள் தவறாக வேறொன்றோடு சேர்த்துவிட்டிருந்தாலும் சரி, தூசி தட்டி எடுத்து அதையே பயன்படுத்தவேண்டும்.

சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1870இல் பாலக்காட்டு மலைப்பகுதியிலிருந்து விவரித்ததுதான் இன்றைய நெமாஸ்பிஸ் கிராசிலிஸ். பின்னாளில் அந்தப் பெயர் வெவ்வேறு மலைகளின் புள்ளிப் பல்லிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே சேலத்துப் பல்லி புதிது என்று சொல்ல வேண்டுமானால், உண்மையான கிராசிலிஸ் எது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். அதற்கு இரண்டு சாட்சிகள். ஒன்று, பெயரைத் தாங்கும் மூல மாதிரி. பெடோம் சேகரித்தவற்றில் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்னொன்று, அந்த மாதிரி பிடிபட்ட மூல இடம். பழைய மாதிரியில் டிஎன்ஏ எடுப்பது கடினம். அதனால் மூல இடத்துக்கோ அதன் அருகிலோ போய், மூல மாதிரியோடு செதிலுக்குச் செதில் பொருந்தும் பல்லியைப் பிடித்து, அதன் மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இதைச் செய்யாமல் "கிராசிலிஸிலிருந்து வேறுபடுகிறது" என்று எழுதினால், எந்தக் கிராசிலிஸ் என்று கேட்பார்கள்.

1800களின் கட்டுரைகளில் விவரிப்பு நாலு வரிதான் இருக்கும். "சிறியது, பழுப்பு நிறம், புள்ளிகள் உண்டு" என்ற அளவில். அந்த நாலு வரியையும் மூலத்திலேயே படியுங்கள். பின்னால் வந்தவர்கள் சுருக்கிச் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்.

படி 2: அனுமதி

இதில் குறுக்குவழியே கிடையாது. வனப்பகுதியில் ஒரு பல்லியைத் தொடுவதற்கு முன்பே, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்கவேண்டும். எத்தனை மாதிரிகள், எந்தக் கோட்டம், எதற்காக என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். 2002 பல்லுயிர் பன்மைச் சட்டத்தின்படி, புதிய இனத்தைக் கண்டறிந்தால் அரசு அங்கீகரித்த சேமிப்பகத்துக்கு அதைத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்கவேண்டும். கொல்கத்தாவில் தலைமையகம் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் இதற்கு முதன்மையான இடம். திசுவை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்த்தாக வேண்டும். தனியார்வலராக இருந்தால், அனுமதி வைத்திருக்கும் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து வேலை செய்வதுதான் நடைமுறையில் சரி.

படி 3: களத்தில்

நெமாஸ்பிஸ் பகலில் நடமாடுபவை. ஆனால் உச்சி வெயிலில் வெளியே வராது. 2024இல் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டிலிருந்து வந்த இரண்டில் ஒன்றான நெமாஸ்பிஸ் வான்கோகி அதிகாலையிலும் மாலையிலும்தான் பாறைகளில் சுறுசுறுப்பாக இருக்கும். பாறையின் நிழல் பக்கம், இடுக்கு, மரத்தடி, பழைய கட்டடச் சுவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் நேரம், உயரம், பாறையா மரமா, தரையிலிருந்து எத்தனை அடி என்பதை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதமாட்டீர்கள்.

உயிரோடு இருக்கும்போதே படமெடுப்பது மிக முக்கியம். முதுகு, வயிறு, தலையின் பக்கவாட்டு, தொண்டை, வால். வான்கோகியின் ஆணுக்குத் தலையும் உடலின் முன்பாதியும் மஞ்சள், முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். ஓவியர் வான்கோவின் நட்சத்திர இரவு ஓவியம் அதை விவரித்தவர்களின் நினைவுக்கு வந்ததே அந்த நிறத்தால்தான். ஆல்கஹாலில் போட்ட பிறகு அந்த மஞ்சள் மிஞ்சாது. நூறு ஆண்டு கழித்து ஜாடியைத் திறப்பவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உடல்தான் கிடைக்கும். நிறத்துக்கு உங்கள் படமே சாட்சி.

எத்தனை பிடிக்கலாம்? இங்கே மனசாட்சியும் அறிவியலும் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டால், நீங்கள் காண்பது இனத்தின் குணமா அந்தத் தனி உயிரின் குணமா என்று தெரியாது. வளர்ந்த ஆண் சில, பெண் சில போதும். குட்டிகள் வேண்டாம், அவற்றின் உடல் விகிதங்கள் ஒப்பீட்டுக்கு உதவாது. எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் இன்னும் குறைத்துக்கொண்டு, மற்றவற்றில் வால் நுனித் திசுவை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள்.

மாதிரியை வலியின்றி மயக்க மருந்தால் முடித்தபின், வரிசை தவறக் கூடாது. முதலில் ஈரலிலோ வாலிலோ சிறு துண்டு எடுத்துத் தூய எத்தனாலில் போட்டு, கூடிய சீக்கிரம் குளிர்பெட்டிக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பிறகுதான் உடலை 10% ஃபார்மலினில் விரல்கள் விரிந்தபடி படுக்கவைத்து இறுக வைக்கவேண்டும். ஓரிரு நாள் கழித்து நீரில் அலசி 70% எத்தனாலுக்கு மாற்றவேண்டும். முதலில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

சீட்டுகளைப் பென்சிலில் எழுதுங்கள். என் முதல் களப்பயணத்தில் சாதாரணப் பேனாவால் எழுதினேன். வீடு வந்து சேர்வதற்குள் ஆல்கஹால் மையைக் கரைத்துவிட்டது. இரண்டு மலைகளின் திசுக்குழாய்கள், எது எந்த மலை என்று தெரியவில்லை. ஆறு பல்லிகளின் திசு வீணாகப் போனது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

படி 4: அளவும் எண்ணிக்கையும்

நுண்ணோக்கிக்குக் கீழே உட்காரும் வேலை இதுதான். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

அளவுகளுக்கு டிஜிட்டல் காலிப்பர். மூக்கு நுனியிலிருந்து மலவாய் வரை உள்ள நீளம்தான் அடிப்படை. வாலைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் வால் அறுந்து முளைத்திருக்கலாம். பிறகு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் இடையிலான தூரம், தலையின் நீளம், அகலம், உயரம், கண்ணின் விட்டம், கண்ணிலிருந்து மூக்குத் துளை, கண்ணிலிருந்து காது, முன்கை, கீழ்க்கால். எல்லாவற்றையும் ஒரே ஆள், உடலின் ஒரே பக்கத்தில் அளக்கவேண்டும். பத்து மாதிரிகளை ஒரு வாரம் கழித்துப் பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று தெரியும். இரண்டு இனங்களுக்கு இடையே நீங்கள் காட்டும் வித்தியாசம் அந்தப் பிழையைவிடச் சிறியது என்றால் அதைக் கட்டுரையில் போடாதீர்கள்.

அளவுகளை ஒப்பிடும்போது உடற்பருமனின் தாக்கத்தை நீக்கவேண்டும். பெரிய பல்லிக்குப் பெரிய தலை இருப்பது செய்தி ஆகாது. அதே உடல் நீளத்துக்குத் தலை அகலமாக இருந்தால் அது செய்தி. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பார்ப்பதும் அவசியம்.

செதில்கள் அளவுகளைவிட உறுதியான சாட்சிகள். அளவு வளர்ச்சியோடு மாறும், செதில் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாது. நெமாஸ்பிஸில் நான் முதலில் பார்ப்பது ஆணின் துளைகள். மலவாய்க்கு முன்னாலும் தொடையின் அடியிலும் மெழுகு போன்ற பொருள் கசியும் சிறு துளைகள் உண்டு. தென்னாசிய நெமாஸ்பிஸில் இவை ஆணுக்கே உரியவை. மலவாய்க்கு முன்னால் மட்டுமா, தொடையில் மட்டுமா, இரண்டிலுமா? இரண்டிலும் இருந்தால் தொடர்ந்து ஓடுகின்றனவா, நடுவே துளையற்ற செதில்கள் இடைவெளி விடுகின்றனவா? எத்தனை செதில் இடைவெளி? இந்தக் கேள்விகளுக்கான பதிலே ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்திலிருந்து பிரித்துவிடும். பெண்களை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் முதுகு. எல்லாச் செதில்களும் ஒரே அளவா, அல்லது சிறு செதில்களுக்கிடையே புடைப்புகள் கலந்திருக்கின்றனவா? புடைப்புகள் எத்தனை வரிசை? விலாவில் முள் போன்று நீட்டிக்கொண்டிருக்கும் செதில்கள் உண்டா? தொண்டை, மார்பு, வயிற்றுச் செதில்கள் வழவழப்பானவையா, நடுவில் முகடு ஓடுகிறதா? வயிற்றின் குறுக்கே எத்தனை செதில்? நான்காம் விரலின் அடியில் எத்தனை தகடுகள்? மேலுதட்டில் எத்தனை? வாலின் அடியில் நடுவரிசை அகன்றிருக்கிறதா? வாலைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: முளைத்த வாலின் செதில் அமைப்பு அசலிலிருந்து மாறுபடும். வால் அசலா என்று உறுதி செய்யாமல் அதன் செதில்களை இனக்குணமாக எழுதிவிடாதீர்கள்.

வயிற்றுச் செதில்களை எண்ணும்போது எங்கே முடிக்கிறோம் என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் 22 என்பதை இன்னொருவர் 25 என்பார். அதனால் ஒப்பிடும் இனங்களின் மாதிரிகளையும் முடிந்தவரை நீங்களே எண்ணுங்கள். அச்சிலிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால், எண்ணும் முறையின் வித்தியாசம் இன வித்தியாசமாக வேடம் போட்டு வரும்.

படி 5: மரபணு

நெமாஸ்பிஸ் ஆய்வில் பெரும்பாலும் முதலில் எடுப்பது என்டி2 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு. ஏறத்தாழ 1,040 டிஎன்ஏ எழுத்துகள். ஒரு செல்லுக்குள் பல பிரதிகள் இருப்பதால் சிறு திசுவிலும் எளிதாகக் கிடைக்கும். வேகமாக மாறுவதால் நெருங்கிய இனங்களையும் பிரித்துக்காட்டும். எல்லாவற்றையும்விட, மற்ற இனங்களின் என்டி2 வரிசைகள் ஜென்பேங்க் தரவகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒப்பிட ஆளில்லாத மரபணுவை எடுத்து என்ன செய்வது?

திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, வரிசைப்படுத்த அனுப்பவேண்டும். இதை ஆய்வகங்கள் செய்துவிடும். ஆனால் திரும்பி வரும் கோப்பை நீங்களே கண்ணால் பார்க்கவேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள், முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைப் பயன்படுத்தி. நடுவில் நிறுத்தக் குறி வந்தால், நீங்கள் படித்தது உண்மையான மரபணு இல்லை. உட்கருவுக்குள் எப்போதோ ஒட்டிக்கொண்ட செத்த பிரதியாக இருக்கலாம். ஜென்பேங்கில் தேடி, அது பல்லியோடுதான் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஆய்வகத்தில் மனிதக் கையின் டிஎன்ஏ கலந்துவிடுவது நடக்கும்.

சரி, வரிசைகள் சுத்தமாகிவிட்டன. எல்லாவற்றையும் அடுக்கி, ஐக்யூ-ட்ரீ, மிஸ்டர் பேய்ஸ் போன்ற மென்பொருள்களில் மரபுவழி மரம் வரையுங்கள். கிளைகளின் உறுதியை எண்களாகப் பெறலாம். இன்னொரு பக்கம் மரபுத் தூரத்தைக் கணக்கிடுங்கள். 1,000 எழுத்துகளில் 80 வேறுபட்டால் 8%. எத்தனை சதவீதம் இருந்தால் தனி இனம் என்று எல்லோரும் கேட்பார்கள். அப்படி ஓர் எண் இல்லை. அதே கூட்டத்தில் ஏற்கெனவே ஐயமின்றித் தனி இனங்களாக உள்ளவை எவ்வளவு விலகியிருக்கின்றன, ஒரே இனத்துக்குள் எவ்வளவு மாறுபாடு இருக்கிறது என்பவற்றோடு வைத்துத்தான் உங்கள் எண்ணுக்குப் பொருள் உண்டு.

பெரிய பொறி ஒன்று இங்கேதான் இருக்கிறது. மலைத்தொடரின் வடகோடியில் சில பல்லிகளும் தென்கோடியில் சில பல்லிகளும் பிடிக்கிறீர்கள். 6% வித்தியாசம், மரத்தில் தெளிவாக இரண்டு கிளைகள். கண்ணுக்கு இரண்டு இனம். ஆனால் நடுவில் உள்ள மூன்று குன்றுகளில் பிடித்திருந்தால் 2%, 3%, 4.5% என்று படிப்படியாக மாறுவது தெரிந்திருக்கும். அதிகம் நகராத சிறு உயிர்களில் தூரமே வித்தியாசத்தை உண்டாக்கும். நீங்கள் பார்க்காமல் விட்ட இடைவெளியை இன எல்லை என்று எண்ணிவிடுவீர்கள். இன எல்லை வகுக்கும் கணினி நிரல்கள் இதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. இனங்களுக்கு இடையிலான பிரிவையும் ஒரே இனத்தின் ஊர்களுக்கு இடையிலான பிரிவையும் அவை குழப்பிக்கொள்ளும் என்று 2017இலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மரபணு வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நடுக் குன்றுகளுக்கு ஒரு பயணம் போய்வாருங்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியா தாய் வழியே மட்டும் வருவது. தாய்வழிக் கதை வேறாகவும் முழு உயிரின் கதை வேறாகவும் இருக்கலாம். முடிந்தால் ஆர்ஏஜி1 போன்ற உட்கரு மரபணுக்களையும் சேருங்கள்.

படி 6: முடிவெடுப்பது

செதிலும் மரபணுவும் வாழிடமும் ஒன்றையொன்று சாராத சாட்சிகள். மூன்றும் ஒரே எல்லையைக் காட்டினால் தயங்கவேண்டாம். இரண்டு கூட்டங்கள் ஒரே பாறைத்தொடரில் அருகருகே வாழ்ந்தும் கலக்காமல் இருந்தால், அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. தனித்தனி மலைகளில் வாழ்பவற்றுக்கு இந்தச் சோதனையை வைக்க முடியாது. அங்கேதான் மற்ற சாட்சிகள் கனமாக இருக்கவேண்டும்.

மரபணு மட்டும் விலகி, செதில் ஒன்றுபோலவே இருந்தால்? அவசரப்படாமல் செதில்களை மறுபடி பாருங்கள். எங்கே தேடவேண்டும் என்று மரபணு காட்டிய பிறகு, முன்பு கண்ணில் படாத வித்தியாசம் தெரியவருவது இந்தத் துறையில் வழக்கம். செதில் மட்டும் விலகி மரபணு ஒன்றாக இருந்தால், வயதா, ஆண்–பெண் வேறுபாடா, உணவா, எண்ணியதில் பிழையா என்று சந்தேகப்படுங்கள். உறுதியில்லாமல் பெயர் வைத்தால் அந்தப் பெயரை யாரும் அழிக்க முடியாது. தவறு என்று பின்னால் தெரிந்தாலும், அது பட்டியலில் இருந்துகொண்டு அடுத்த நூறு ஆண்டு ஆய்வாளர்களின் நேரத்தைத் தின்னும்.

படி 7: பெயரும் கட்டுரையும்

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சில நிபந்தனைகள் தவறவே கூடாது. பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்கவேண்டும். புதிய இனம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் குணங்களைச் சொற்களில் எழுதவேண்டும். ஹோலோடைப் எனப்படும், பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரியைக் குறிப்பிட்டு, எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகிறது என்றால் முன்கூட்டியே விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரையிலேயே காட்டவேண்டும். 2012 முதல் இது விதி.

ஹோலோடைப்பாக வளர்ந்த ஆணை, அசல் வாலோடு, துளைகள் தெளிவாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் திசுவிலிருந்து மரபணு வரிசையும் எடுத்திருக்கவேண்டும். பெடோமின் மாதிரிகளால் நாம் படும் பாட்டை அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்கவேண்டாம்.

பெயரில் இலக்கணம் உண்டு. நெமாஸ்பிஸ் பெண்பால் சொல். அதனால்தான் நீலகிரிப் பல்லி நெமாஸ்பிஸ் நீலகிரிகா ஆனது. ஊர்ப்பெயரோடு "என்சிஸ்" சேர்த்தால் ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொருந்தும்: சதுரகிரியென்சிஸ், பச்சைமலையென்சிஸ். ஆணின் பெயர் என்றால் இறுதியில் "இ", பெண்ணின் பெயர் என்றால் "ஏ". என் விருப்பம் ஊர்ப்பெயர்தான். சதுரகிரிக்கு மகாலிங்கத்தைக் காணப் படியேறுபவர், அந்த மலையின் பெயரிலேயே ஒரு பல்லி அங்கே வாழ்கிறது என்று அறிந்தால், பாறையை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

கட்டுரையில் அதிக உழைப்பை ஒப்பீட்டுப் பகுதிக்குக் கொடுங்கள். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு இனத்தின் பெயரையும் சொல்லி, எந்தக் குணத்தில் எப்படி வேறுபடுகிறது என்று எழுதவேண்டும். "நிறத்தில் வேறுபடுகிறது" என்பது போதாது. "மலவாய்முன் துளைகள் இந்த இனத்தில் இரண்டு, அந்த இனத்தில் நான்கு" என்று எழுதினால்தான் அடுத்தவர் சரிபார்க்க முடியும்.

படி 8: வெளியிடும்போது இடத்தைப் பற்றி யோசியுங்கள்

சீனாவிலிருந்து 1999இல் விவரிக்கப்பட்ட கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி, கட்டுரையில் இருந்த இடக்குறிப்பை வைத்தே வியாபாரிகளால் அள்ளப்பட்டு, மூல இடத்தில் காணாமல் போனது. வியட்நாமின் ஹோன் கோவாய் தீவிலிருந்து 2010இல் அறிவிக்கப்பட்ட, ஆரஞ்சும் ஊதாவும் கலந்த நெமாஸ்பிஸ் சைக்கெடெலிகாவையும் வளர்ப்புச் சந்தை தேடி வந்தது. 2016இல் அதை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து வணிகத்தைத் தடுக்கவேண்டியதாயிற்று. நம் மலைகளில் ஓர் இனம் முழுவதும் ஒன்றிரண்டு பாறைச்சரிவுகளுக்குள் அடங்கியிருக்கலாம். எனவே துல்லியமான ஆயத்தொலைவுகளைச் சேமிப்பகப் பதிவேட்டிலும் வனத்துறையிடமும் மட்டும் கொடுத்துவிட்டு, கட்டுரையில் மலையின் பெயரும் உயரமும் போதும் என்று விடுங்கள்.

வரிசைகளை ஜென்பேங்கில் ஏற்றி எண்களைக் கட்டுரையில் போடுங்கள். அளவுகளின் முழு அட்டவணையையும் இணையுங்கள், சராசரியை மட்டும் அல்ல. அச்சான பிரதி ஒன்றை அந்த வனச்சரக அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள், படத்தைக் காட்டிப் பேசுங்கள். உங்களோடு பாறை பாறையாக ஏறிய வேட்டைத் தடுப்புக் காவலர்களில் யாராவது, "இதே மாதிரி, ஆனா வயிறு மஞ்சளா ஒண்ணு அந்தப் பக்கத்துச் சரிவுல இருக்குங்க" என்று சொல்லக்கூடும். அந்தச் சரிவின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பென்சிலால்.